ஹார்ட் சேடில்பேக் மூடியில் லக்கேஜ் ரெயில்: எட்டுத் துளை போட வேண்டிய இடத்தில் ஒன்பது போட்டவனின் செய்முறை

பைக்கின் இரு பக்கமும் எவ்வளவு பெரிய ஹார்ட் சேடில்பேக் (கெட்டியான சாமான் பெட்டி) இருந்தாலும், நீண்ட பயணத்தில் ஏதாவது ஒரு பொருளுக்கு இடம் இல்லாமல் போய்விடும். எனக்கு அது மழைக்கோட்டு. நனைந்த கோட்டை உள்ளே திணித்தால் மற்றத் துணியும் ஈரமாகும். பில்லியன் சீட்டில் கட்டினால் பின்னால் உட்காருபவருக்கு இடமில்லை. பெட்டி மூடியின் மேல் லக்கேஜ் ரெயில், அதாவது சாமானை வைத்துக் கட்டும் கம்பிச் சட்டம், மாட்டிவிட்டால் தொல்லை தீரும் என்று ஒரு ஜோடி வாங்கினேன். மூடிக்கு நான்கு, ஆக எட்டுத் துளை. நான் போட்டது ஒன்பது. அந்த ஒன்பதாவது எப்படி வந்தது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

பெட்டியை வண்டியிலிருந்து கழற்றுவது, டிரில் பிடிப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். என் பெட்டி ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஃபைபர்கிளாஸ் பெட்டிக்கும் வேலை கிட்டத்தட்ட இதேதான், மாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. ரெயிலைப் பார்த்தால் ஆளையே உட்காரவைக்கலாம் போல முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அது நிற்பது 3, 4 மி.மீ கனமுள்ள மூடியில். மூடியைத் தாங்குவதோ ஒரு கீலும் ஒரு கொண்டியும். மழைக்கோட்டு, தூங்கும் பை, கூடாரத் துணி போன்றவைதான் அங்கே போக வேண்டும். நான் பக்கத்துக்கு 2 கிலோவைத் தாண்டுவதில்லை. பெட்டிக்கு இவ்வளவு எடைதான் என்று வண்டியின் கையேட்டில் ஓர் அளவு இருக்கும். மேலே கட்டுவதும் ரெயிலின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எடுத்து வைக்க வேண்டியவை

மாஸ்கிங் டேப், அட்டை, பென்சில், அளவு நாடா, டிரில், 3 மி.மீ பிட், படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட். கடைசியாகச் சொன்னதை மட்டும் தவிர்க்காதீர்கள். சாதாரண முறுக்கு பிட் மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளிவரும் நேரத்தில் திருகுபோலப் பிடித்து இழுக்கும், துளையோரம் விரியும். ஸ்டெப் பிட் சுரண்டிக்கொண்டே போவதால் வட்டம் சுத்தமாக வரும். இந்த ஒரு வேலைக்காகவே அதை வாங்கினாலும் தப்பில்லை.

ரெயிலோடு வரும் நட், போல்ட், வாஷர்களை நான் பயன்படுத்துவதில்லை. என் ரெயிலுடன் வந்தவற்றில் வாஷர் சின்னது, ரப்பர் மட்டமானது. 6 மி.மீ ஸ்டெயின்லெஸ் போல்ட், 25 மி.மீ அகல வாஷர், ஒவ்வொரு துளைக்கும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என ரப்பர் பேட். இவற்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன். இரண்டு துளைகளை இணைக்கும்படி 2 மி.மீ கன அலுமினியப் பட்டையை உட்புறம் கொடுத்தால் வாஷரைவிட நல்லது. என் மூடியின் உட்புறம் வளைவாக இருந்ததால் பட்டை உட்காரவில்லை.

குறிப்பது (நான் சறுக்கிய இடம்)

முதல் மூடியில் நான் செய்தது இதுதான். ரெயிலை மேலே வைத்தேன். ஓரத்திலிருந்து நாடாவால் அளந்து நடுவில் கொண்டுவந்தேன். தள்ளி நின்று பார்த்தேன், அழகாக இருந்தது. புள்ளி வைத்தேன், துளைத்தேன். நான்காவது துளை போட்டு மூடியைத் திருப்பினால், அது உள்ளே ஒரு குறுக்கு விலாவின் (மூடிக்கு வலுக் கொடுக்கும் மேடான வரி) தலையில் போய் வெளிவந்திருக்கிறது. வாஷர் பாதி விலாவிலும் பாதி அந்தரத்திலுமாகச் சாய்ந்து நின்றது. அப்படியே இறுக்கினால் விலா உடையும். துளையை எபாக்ஸி பசை வைத்து அடைத்து, ரெயிலை மொத்தமாக முன்னே தள்ள முடியாமல், அந்த ஒரு காலுக்கு மட்டும் ஒரு தட்டு வைத்துப் பக்கத்தில் வேறு துளை போட்டேன். அதுதான் ஒன்பதாவது.

வெளியே இருந்து மூடி வழவழவென்று ஒரே பரப்பாகத் தெரியும். உள்ளே விலா, கீலின் திருகு, கொண்டியின் கம்பி, மூடியைப் பிடித்து நிறுத்தும் பட்டி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் விளிம்பு என்று ஏகப்பட்டது இருக்கும். ஆகவே முதலில் மூடியைத் திறந்து, உள்ளே எங்கெல்லாம் 25 மி.மீ வாஷர் தட்டையாக உட்காரும் என்று பாருங்கள். விளிம்பு ரப்பரிலிருந்து வாஷர் 10 மி.மீ ஆவது தள்ளியிருக்கட்டும்.

உள்ளே பார்த்ததை வெளியே எப்படிக் குறிப்பது? இரண்டாவது மூடிக்கு நான் கண்டுபிடித்த வழி காந்தம். சின்ன, வலுவான இரண்டு வட்டக் காந்தங்கள் எடுங்கள். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டுங்கள். ஒன்றை உள்ளே நீங்கள் தேர்ந்த இடத்தில் பிடியுங்கள். இன்னொன்றை வெளியே கொண்டுபோனால் நேர் எதிரே வந்து ஒட்டிக்கொள்ளும். அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், அவ்வளவுதான். எட்டு இடத்தையும் இப்படிக் குறித்துவிட்டு, ரெயிலின் கால்கள் அந்த வட்டங்களில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழாவிட்டால் ரெயிலை நகர்த்துங்கள். அழகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும்.

இடம் முடிவானதும் ரெயிலின் கால்களை அட்டையில் வரைந்து வெட்டி ஒரு மாதிரி தயாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூடிக்கு அதே அட்டையைத் திருப்பிப் போட்டு வைக்க வேண்டும். இடது பெட்டியும் வலது பெட்டியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிர். அட்டையின் ஒரு முகத்தில் ‘இடது, முன்’ என்றும் மறுமுகத்தில் ‘வலது, முன்’ என்றும் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

துளைக்கும் முன் ஒரு ஒத்திகை

மூடி இன்னும் வண்டியில்தான் இருக்க வேண்டும். ரெயிலை மாஸ்கிங் டேப்பால் அதன் இடத்தில் கெட்டியாக ஒட்டுங்கள். இப்போது மூடியை முழுதாகத் திறந்து மூடுங்கள். சீட்டை நோக்கித் திறக்கும் மூடியாக இருந்தால் ரெயில் பில்லியன் கைப்பிடியில் இடிக்கும். வெளிப்பக்கமாகத் திறந்து தொங்கும் மூடியாக இருந்தால் பெட்டியின் பக்கவாட்டிலேயே தட்டிப் பெயிண்டைக் காலி செய்யும். சாவி போடக் கை நுழைகிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒருமுறை பின்சீட்டில் ஏறி இறங்குங்கள். பெட்டிக்கு மேல் இன்னும் 4, 5 செ.மீ உயரம் கூடியிருக்கிறது, கால் அதைத் தாண்ட வேண்டும்.

இன்னொன்று. ரெயில் மூடியில் ஆடுகிறதா? மூன்று கால் உட்கார்ந்து ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தால், கோணல் நாற்காலிபோல ஆடும். நட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். செய்யாதீர்கள். இழுத்துப் பிடித்த பிளாஸ்டிக்கில் துளையைச் சுற்றி நட்சத்திர வடிவத்தில் விரிசல் விட ஆரம்பிக்கும். ரெயிலை வளைத்துச் சரிசெய்யப் பார்த்தால் குரோம் உரியும். தூக்கி நிற்கும் காலுக்கு அடியில் அந்த இடைவெளிக்கு ஏற்ற கனத்தில் ரப்பர் பேட் வெட்டி வைப்பதுதான் வழி.

துளைப்பது

இப்போது மூடியைக் கழற்றி, துணி விரித்த மேசையில் வையுங்கள். துளை விழும் இடத்தில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப். அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்ட வைத்துப் பிடியுங்கள்.

துளையின் மையத்தைக் குறிக்கும் கூர்முனை உளியான சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் தட்டாதீர்கள். இரும்புத் தகட்டுக்கு அது சரி, ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சு அதில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். 3 மி.மீ பிட்டைக் கையிலேயே திருகி ஒரு சின்னப் பள்ளம் செய்தால் போதும். அப்புறம் டிரிலில் 3 மி.மீ, அடுத்து ஸ்டெப் பிட். ஃபைபர்கிளாஸ் என்றால் பிட்டை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டுப் பூச்சைத் தேய்த்துத் தாண்டியபின் நேர்த்திசைக்கு மாற்றுங்கள். அதன் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவே கூடாது. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். ஏபிஎஸ் என்றால் மெதுவான வேகம். வேகமாகப் போனால் உருகி பிட்டிலேயே ஒட்டும்.

நான்கையும் ஒரே மூச்சில் துளைக்க வேண்டாம். ஒன்று போட்டு, ரெயிலை வைத்து போல்ட்டைத் தளர்வாகக் கோத்து, மூலைக்கு மூலை எதிரே உள்ளதை மறுபடி சரிபார்த்துவிட்டுத் துளையுங்கள்.

6 மி.மீ போல்ட்டுக்கு 7 மி.மீ துளை போடுங்கள். துளை லூசாக இருக்கிறதே என்று தோன்றும். வெயிலில் பிளாஸ்டிக் ஸ்டீலைவிடப் பல மடங்கு நீளும். துளைகளுக்கு நடுவே 300 மி.மீ இருந்து, வெப்பம் 30 டிகிரி ஏறினால், ஏபிஎஸ் சுமார் 0.7 மி.மீ நீளும், ஸ்டீல் ரெயில் 0.1 மி.மீ தான். அந்த வித்தியாசத்துக்குத் துளையில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் துளையோரத்தை நெம்பும்.

துளையின் பிசிறை நுண்ணிய உப்புத்தாளால் எடுங்கள். விரிசல் பெரும்பாலும் ஒரு சின்னப் பிசிறிலிருந்துதான் கிளம்பும். ஃபைபர்கிளாஸில் வெட்டிய ஓரத்துக்கு ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்துவிடுங்கள், ஈரம் இழுக்காது.

மாட்டுவது

வரிசை இப்படி: ரெயிலின் கால், ரப்பர் பேட், மூடி, ரப்பர் வாஷர், அகல வாஷர், போல்ட். என் ரெயிலின் காலிலேயே மரை இருந்ததால் போல்ட்டை உள்ளேயிருந்து மேல்நோக்கித் திருகினேன். உங்கள் ரெயிலில் மரை போட்ட கம்பி கீழே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே நைலாக் நட் (கழலாமல் பிடிக்க நைலான் வளையம் வைத்த நட்) போடுங்கள். நீட்டிய மரை உள்ளிருக்கும் பையைக் கிழிக்கும், மிச்சத்தை வெட்டி அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

ரப்பர் பேடுக்கு அடியில் மெல்லிய ஒரு வளையம் சிலிகான். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

இறுக்கம் கைக்கணக்குதான். நான்கையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை. அதோடு நிறுத்துங்கள். மறுநாள் ரப்பர் அமுங்கியிருக்கும், இன்னும் கால் சுற்று கொடுக்கலாம். 100 கி.மீ ஓட்டியபின் இன்னொரு முறை.

சிலிகான் காய்ந்ததும் பெட்டிக்குள் காகிதம் விரித்து மூடி, ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். காகிதத்தில் நனைந்த புள்ளி எங்கே என்று பார்த்தால் எந்தத் துளை கசிகிறது என்று தெரிந்துவிடும்.

கட்டுவதற்கு, கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்காது. கழன்றால் கண்ணைப் பதம் பார்க்கும், சக்கரத்திலும் சிக்கும். பக்கிள் வைத்த பட்டைதான். தொங்கும் நுனியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

பின்சேர்ப்பு 1: மரை கழலாமல் இருக்கத் திரெட்லாக் (மரையில் தடவும் பசைத் திரவம்) போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஏபிஎஸ் பெட்டியில் வேண்டாம். வழக்கமான திரெட்லாக் திரவம் ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டையும் தாக்கி விரிசல் விடவைக்கும். மரையிலிருந்து ஒரு சொட்டு வழிந்தாலும் போதும். ஸ்பிரிங் வாஷர் போடுங்கள்.

பின்சேர்ப்பு 2: “போல்ட் இறுகிவிட்டது, ரெயில் மட்டும் ஆடுகிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார். போல்ட் நீளம் அதிகம். காலில் உள்ள மரைக்குழியின் அடியைப் போய் முட்டிவிட்டால், ஸ்பேனருக்கு இறுகியதுபோலத்தான் இருக்கும். வெறும் போல்ட்டைக் கையால் குழிக்குள் கடைசிவரை திருகி எத்தனை மி.மீ போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். மூடி, ரப்பர், வாஷர் எல்லாவற்றின் கனத்தோடு அந்த அளவைக் கூட்டி, அதிலிருந்து 2 மி.மீ குறைத்தால் உங்களுக்கு வேண்டிய போல்ட் நீளம்.

பின்சேர்ப்பு 3: அலுமினியப் பெட்டிக்காரர்களுக்கு: ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டு, மழையும் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். துளைக்குள் நைலான் புஷ் (சின்னக் குழாய் போன்ற உறை) ஒன்று போட்டு இரண்டையும் பிரித்துவிடுங்கள். புஷ்ஷின் வெளி அளவுக்குத் துளை போட வேண்டும், ஆகவே புஷ்ஷை முதலில் வாங்கிக்கொண்டு டிரிலை எடுங்கள்.