படகுக்கு அலாரம் வாங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்

படகுகளில் ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். அலாரம் மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “படகை எத்தனை நாள் ஆளில்லாமல் கட்டிப்போடுவீர்கள்?” என்றுதான். அது தெரியாமல் எந்தப் பெட்டியையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். சும்மா காவல் இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் அலாரம் நாளுக்கு அரை ஆம்பியர்-மணிகூடத் தின்னாது. 100 மில்லி ஆம்பியர் இழுப்பது 2.4 ஆம்பியர்-மணி தின்னும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், முதலாவது சுமார் மூன்று மாதம் ஓடும். இரண்டாவது மூன்றே வாரம். பேட்டரி செத்தால் பில்ஜ் பம்பும் (படகின் அடித்தட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) நின்றுவிடும், மழைத் தண்ணீரிலேயே படகு மூழ்கலாம். அதனால் விவரத்தாளில் காத்திருப்பு மின்னோட்டம் எவ்வளவு என்று தேடிப் படியுங்கள். கரை மின்சாரம் இல்லாத இடமென்றால் சின்ன சோலார் பேனல் ஒன்று கட்டாயம்.

அடுத்தது சென்சார். வீட்டுக்கு மாட்டும் அசைவு சென்சாரைப் படகுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அது பார்ப்பது வெப்ப மாற்றத்தை. படகு ஆடும்போது ஜன்னல் வெயில் கேபினுக்குள் அங்குமிங்கும் நகரும், திரைச்சீலை ஆடும், சைரன் அலறும். நாலு முறை வீணாக அலறினால் ஐந்தாவது முறை பக்கத்துப் படகுக்காரர் தலையைக்கூடத் தூக்க மாட்டார். கேபின் கதவுக்கும் மேல்மூடிகளுக்கும் காந்த சுவிட்ச் (காந்தம் விலகினால் சுற்று அறும்), ஏறும் இடத்து விரிப்புக்கு அடியில் அழுத்த சென்சார், படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினைச் சுற்றி ஒரு ஒயர் வளையம் போதும். எல்லாமே மூடிய சுற்றாக, அதாவது எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றாக இருக்கட்டும். ஒயரை அறுத்தாலும் அலாரம் அடிக்க வேண்டும்.

காந்த சுவிட்சை ஒட்டுவதற்கு முன், மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, மூடியைச் சாத்திவிட்டு கையால் இழுத்து, அழுத்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பீப் எங்கேயும் விட்டுவிட்டு வரக் கூடாது. இரும்புக் கதவானால் காந்தத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் இரும்பு அதன் பலத்தைத் தின்றுவிடும்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். சாதாரணச் செம்பு உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளேயே கருத்துப்போகும். இணைப்புகளை கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), பசை உள்ள சுருங்கும் குழாய் போடுங்கள். பெட்டிக்குள் நுழையும் முன் ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளையுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அலாரம் ஓட வேண்டும். அதனால் இணைப்பு பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. பெட்ரோல் இன்ஜின் அறையில் தீப்பொறி வரக்கூடிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எதையும் வைக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கண்ணில் படாத இடத்தில், அதற்கென்று தனியாக ஒரு மாற்று பேட்டரியோடு மறையுங்கள். சைரன் கேபினுக்குள் ஒன்று, வெளியே கைக்கு எட்டாத உயரத்தில் ஒன்று. போனுக்குச் செய்தி அனுப்பும் வகையானால் 4ஜி வாங்குங்கள். பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். ஆன்டெனா ஃபைபர் கூரைக்கு அடியில் வேலை செய்யும், இரும்பு, அலுமினியத்துக்கு அடியில் செய்யாது. நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு ஜிபிஎஸ் எல்லை (தாண்டினால் அலாரம் அடிக்கும் வட்டம்) வைக்கும்போது நங்கூரம் விழுந்த இடத்தையே மையமாக்குங்கள். ஆரம் கயிற்று நீளமும் படகு நீளமும் சேர்ந்து, அதற்குமேல் கொஞ்சம். படகு நிற்கும் இடத்தை மையமாக்கினால் ஆரத்தை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும், காற்று திரும்பினால் படகு எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

பெட்டியில் ஒரு இணைப்பு மிச்சம் இருந்தால் பில்ஜ் மிதவை சுவிட்சை (அடித்தட்டில் தண்ணீர் ஏறினால் மிதந்து இயங்குவது) அதில் கொடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள சென்சார் படகில் இல்லை.

கடைசியாகச் சோதனை. ஒருவரைப் படகில் விட்டு நீங்கள் கரையில் நில்லுங்கள். அவர் ஒவ்வொரு கதவாகத் திறக்கட்டும், மிதவையைக் கையால் தூக்கட்டும். உங்கள் போனில் எது வந்தது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விஎச்எஃப் ரேடியோவில் பேசச் சொல்லுங்கள். அப்போது சைரன் அடித்தால், சென்சார் ஒயரை ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.