தேசிக்காய் விட்ட தடம்

முகப்பரு வந்தால் தேசிக்காயைப் பாதியாக வெட்டித் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். பங்குனி மாதக் காலையொன்றில் நானும் தேய்த்தேன். அவசரமாக முகத்தைக் கழுவிவிட்டு, ஸ்கூட்டரில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் தாண்டி வேலைக்குப் போனேன். பாலத்தில் ஒதுங்க நிழலில்லை. மேலே வெயில், கீழே வாவியின் மினுக்கம். மறுநாள் கன்னம் எரிந்து சிவந்தது. ஒரு வாரத்துக்குள், சாறு வழிந்த அதே தடத்தில், கன்னத்திலிருந்து தாடை வரை பேனாவால் இழுத்ததுபோல் ஒரு கபிலக் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்ததுமே தோல் வைத்தியர், "தேசிக்காய் பூசினீர்களா?" என்று கேட்டார். அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் தோலில் இருக்கையில் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துவிடும். வெயிலே இல்லாவிட்டாலும் அதன் அமிலம் முகத்துக்கு ஆகாது.

பருவுக்குத் தேசிக்காய், பற்பசை பூசுவது இரண்டையும் அன்றே நிறுத்தினேன். காலையும் இரவும் மணமில்லாத மென்மையான ஃபேஸ் வாஷ். ஈரம் காயுமுன் மொயிஸ்சரைசர். பருவுக்கு இரவில் 2.5% பென்சாயில் பெராக்சைடு, மெல்லியதாக. எல்லாவற்றிலும் முக்கியம் சன்ஸ்கிரீன்: எஸ்.பி.எஃப். 30, இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும். பொட்டளவு பூசினால் பயனில்லை. வெளியில் நின்றால் 2 மணிக்கொரு தடவை மீண்டும் பூச வேண்டும்.

கறை மங்க 4 மாதங்கள் சென்றன. இப்போது தங்கையின் மகளுக்குப் பரு தொடங்கியிருக்கிறது. போன வாரம் அவள் வெட்டி வைத்திருந்த தேசிக்காயை வாங்கிச் சொதியில் பிழிந்துவிட்டேன்.