குதிருக்குள் ஒரு பிணம்: பழைய எகிப்திய வீட்டில் கொலைக்கதை எழுதுவது எப்படி?

எகிப்து என்றதும் புதிதாக எழுத வருகிறவர்களின் கை நேராகப் பிரமிடுக்குப் போய்விடுகிறது. அப்புறம் மம்மி, சாபம், தங்க முகமூடி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இருபது பக்கத்திலேயே கதை மூச்சுவாங்கி நின்றது. பிரமிடுக்குள் யாரும் குடியிருக்கவில்லை என்பதுதான் சிக்கல். பங்காளிச் சண்டை, மாமியார் மனக்குறை, யாருக்கு எவ்வளவு சோறு என்ற கணக்கு, இதெல்லாம் இல்லாத இடத்தில் கொலைக்குக் காரணம் எங்கிருந்து வரும்? ஆகவே பிரமிடை விட்டுவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். முதல் நாவல் எழுதுகிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள்

உண்மையான குடும்பமே இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அகழாய்வுக் குழு 1921-22 பருவத்தில், தீப்ஸ் நகருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில், டெய்ர் எல்-பாஹ்ரி அருகே ஒரு சின்னக் கல்லறையில் சில பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களைக் கண்டெடுத்தது. குழுவின் தலைவர் ஹெர்பர்ட் வின்லாக். சுருள்களில் இருந்தவை ஹெக்கநக்த் என்பவரின் கடிதங்களும் கணக்குகளும். காலம் 12-ஆம் அரசமரபின் தொடக்கம், அதாவது ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன்பு. கீசா பிரமிடுகளே அப்போது 500 ஆண்டுகளுக்கு மேல் பழசு என்பதை மனத்தில் வையுங்கள்.

ஹெக்கநக்த் அரசரோ தளபதியோ அல்ல. இறந்துபோன ஓர் அமைச்சருக்குப் படையல் வைக்கும் பூசாரி, கூடவே நிலம் வைத்திருந்த விவசாயி. வெளியூரில் இருந்துகொண்டு வீட்டை நிர்வகிக்கும் மெரிசுவுக்குக் கடிதம் போடுகிறார். எனக்குப் பழைய உலர்ந்த வாற்கோதுமையை அனுப்பிவிட்டு நீங்கள் புதுசைத் தின்கிறீர்களா என்று பொருமுகிறார். ஸ்னெஃப்ரு என்ற பையன் என்ன கேட்டாலும் கொடுங்கள் என்கிறார். அவனுக்கு வயல் வேலையில் இஷ்டமில்லையாம், மாடு மேய்க்க ஆசைப்பட்டால் விடச் சொல்கிறார். இயுதென்ஹப் என்ற பெண்ணை வீட்டில் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று கொதிக்கிறார். அவள் புது மனைவியா, வைப்பா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவளிடம் தவறாக நடந்த பணிப்பெண் செனெனை, கடிதம் கைக்கு வந்த அன்றே வெளியே துரத்தச் சொல்கிறார். வீட்டில் அன்பு என்றும் ஒருவன் உண்டு. தமிழ்ப்பெயர் அல்ல, அசல் எகிப்தியப் பெயர்தான். நாவலில் வைத்தால் வாசகர் குழம்புவார், வேறு பெயர் தேடுங்கள்.

இந்தக் கடிதங்களை வைத்து 1940-களிலேயே ஆங்கிலத்தில் ஒரு புகழ்பெற்ற துப்பறியும் நாவல் வந்துவிட்டது. அதனால் என்ன? கடிதங்கள் யாருக்கும் சொந்தமில்லை. அந்த நாவலின் பிணத்தையும் கொலைகாரரையும் மட்டும் தொடாதீர்கள்.

படி 2: பங்கீட்டுப் பட்டியலை எழுதுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ஹெக்கநக்தின் ஒரு கடிதத்தில் வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு தானியம் என்ற பட்டியலே இருக்கிறது. எல்லோருக்கும் சமமாக அல்ல. அந்த வருடம் வயலை நனைக்கும் நைல் வெள்ளம் சரியாக வரவில்லை, ஊரெல்லாம் பட்டினி. முணுமுணுப்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில்: முழுதாகச் சாவதைவிட அரைவயிற்றோடு பிழைப்பது மேல், இங்கே மனிதர்களையே தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். பின்னது மிகைப்படுத்தல்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எப்பேர்ப்பட்ட வசனம்!

நீங்களும் உங்கள் கற்பனை வீட்டில் பத்துப் பேரை எழுதி, ஒவ்வொருவர் எதிரிலும் மாதத்துக்கு எத்தனை மரக்கால் என்று போடுங்கள். பிறகு ஒரு வருடம் வெள்ளம் பொய்த்தது என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வெட்டுங்கள். ஒருவருக்கு மட்டும் வெட்டாமல் விடுங்கள். இப்போது பட்டியலைப் பாருங்கள், கொலைக்கான காரணம் உங்களைப் பார்த்து முழிக்கும். நாணயம் இல்லாத காலம் அது. தானியம்தான் கூலி, வாடகை, சொத்து எல்லாம்.

சொத்துத் தகராறுக்கும் பஞ்சமில்லை. எகிப்தியப் பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். டெய்ர் எல்-மெதினா என்ற ஊரில் வாழ்ந்த நௌநக்தே என்ற மூதாட்டிக்கு 8 பிள்ளைகள். முதுமையில் தன்னைக் கவனிக்காதவர்களுக்குத் தன் பங்கில் ஒன்றும் கிடையாது என்று ஊர்ச்சபை முன்னால் சொல்லி எழுதிவைத்தாள். அவள் காலம் ஹெக்கநக்துக்கு சுமார் 800 ஆண்டு பிந்தியது. மனித சுபாவத்தை அங்கிருந்து கடன் வாங்கலாம், சட்ட நுணுக்கத்தை அப்படியே வாங்காதீர்கள்.

படி 3: வீட்டை வரையுங்கள்

சுடாத செங்கல் சுவர், மண்தரை, கோடையில் படுத்துறங்க மேல்தளம். கணினியில் தேடினால் மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில் 1920-இல் கிடைத்த மர பொம்மைகளின் படங்கள் வரும். கொலைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை. ரொட்டி சுடும் இடமும் பீர் வடிக்கும் இடமும் சேர்ந்த ஒரு பொம்மை, நெசவுக்கூடம், மாடுகளை எண்ணும் காட்சி, மரங்களுக்கு நடுவே குளம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது தானியக் கிடங்குதான். வாசலில் ஒரு காவலாள். உள்ளே அளக்கிறவர்கள், குனிந்து கணக்கெழுதும் எழுத்தர்கள். மூட்டை தூக்குகிறவர்கள் படிக்கட்டில் ஏறி, மேலிருந்து குதிருக்குள் கொட்டுகிறார்கள்.

அந்தப் படிக்கட்டை நன்றாகப் பார்த்துவையுங்கள்.

படி 4: பிணத்தை எங்கே வைப்பது?

துப்பறியும் கதைகளில் உள்ளே பூட்டிய அறை ஒரு பழைய தந்திரம். எகிப்தில் அதற்கு இன்னும் அழகான வடிவம் உண்டு. கதவுக்குமிழிலும் பெட்டிக்குமிழிலும் கயிறு சுற்றி, மேலே ஈரக்களிமண் அப்பி, முத்திரை பதிப்பார்கள். பூட்டு திறக்க விடாது. முத்திரை திறக்க விடும், ஆனால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு மாதிரி செய்து பார்ப்போம். நம் கதையில் செத்தவர் வீட்டின் தானியம் அளப்பவர். நைல் பெருகி, மேட்டிலிருக்கும் வீட்டைத் தண்ணீர் சூழ்ந்திருக்கிற நேரம். படகில்லாமல் யாரும் வரவோ போகவோ முடியாது, ஆகவே சந்தேகம் வீட்டாரோடு நின்றுவிடும். காலையில் பங்கீடு கொடுக்க எல்லோர் கண்முன்னால் முத்திரையை உடைத்துக் குதிரின் கீழ்க்கதவைத் தூக்குகிறார்கள். தானியம் வழியவில்லை. எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. கையை விட்டுத் துழாவினால் இன்னொரு கை தட்டுப்படுகிறது.

முத்திரை அப்படியே இருந்ததே, உள்ளே எப்படிப் போனார்? விடை படிக்கட்டில். குதிருக்குக் கீழே கதவு இருப்பதுபோல மேலே கொட்டும் வாயும் உண்டு. இதை மறைக்காதீர்கள். முதல் அதிகாரத்திலேயே ஆட்கள் மூட்டையோடு படியேறுவதைச் சாவகாசமாக வர்ணித்துவிடுங்கள். வாசகர் அதைச் சூழல் வர்ணனை என்று நினைத்து வேகமாகப் புரட்டிவிடுவார். பின்னால் தலையில் அடித்துக்கொள்வார்.

அடுத்து தடயம். குதிருக்குள் இருப்பது வாற்கோதுமை. பிணத்தின் துணி மடிப்பில் சிக்கியிருப்பதோ எம்மர் என்ற பழைய வகைக் கோதுமையின் உமி. ஹெக்கநக்தின் கணக்குகளிலேயே இரண்டும் தனித்தனியாகத்தான் வருகின்றன. அப்படியானால் செத்தது வேறு இடத்தில், குதிருக்குள் போட்டது பிறகு. காரணமும் அந்தக் கடிதங்களிலிருந்தே எடுக்கலாம். கடனாகக் கொடுத்த தானியத்தைத் திரும்ப வாங்க, கருப்புத் தோல் போர்த்திய தன் சொந்த அளவுப் பாத்திரத்தையே அனுப்பிவைக்கிறார் ஹெக்கநக்த். அடுத்தவன் மரக்காலை நம்பாத மனிதர்! நம் கதையில் வீட்டு மரக்காலின் அடியை யாரோ மெழுகு பூசி உயர்த்தியிருக்கிறார்கள், அளப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வையுங்கள்.

விஷம்தான் வேண்டும் என்றால் ஒரு வார்த்தை. நம் கை பழக்கத்தில் அரளி விதைக்குப் போகும், போகவிடாதீர்கள். ஆமணக்கு அங்கேயும் விளைந்தது, எகிப்திய மருத்துவச் சுவடியிலும் வருகிறது. நல்ல பாம்பும் தேளும் வீட்டுக்குள்ளேயே வரும். ஆனால் பாம்புக்கடி வாசகருக்கு விபத்தாகத் தெரியும், அதைக் கொலை என்று நிரூபிக்க உங்களுக்கு ஐம்பது பக்கம் கூடுதலாகச் செலவாகும்.

படி 5: நேரக் கணக்கு

ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்க முடியாது. பகலையும் இரவையும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தவர்கள்தான், ஆனால் கிராமத்து வீட்டுச் சுவரில் கடிகாரம் கிடையாது. நேரத்தை வேலையால் அளங்கள். தரையில் கட்டிய தறியில் ஒருத்தி ஒரு பிற்பகலில் எவ்வளவு நெய்வாள் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அன்று மாலை துணி ஒரு முழம் குறைந்திருந்தால் அவள் தறியை விட்டு எழுந்து போயிருக்கிறாள். ரொட்டி கருகியதா, விளக்கில் எண்ணெய் எவ்வளவு மிச்சம், இவையெல்லாம் சாட்சி சொல்லும். எனக்குக் கடிகாரத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

படி 6: துப்பறிவது யார்?

போலீஸ் கிடையாது. நான் பணிப்பெண்ணைத்தான் தேர்ந்தெடுப்பேன். செனெனைப் போல, துரத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்ட ஒருத்தி. வெள்ளத்தில் அடுத்த படகு வரும்வரைதான் அவளுக்கு வீட்டில் இடம், அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். வேலைக்காரி பக்கத்தில் நிற்கும்போது யாரும் வாயை அடக்குவதில்லை என்பது அவளுக்கு லாபம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்பது நஷ்டம். எஜமானரின் கடிதத்தை வேறொருவர்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். படிப்பவர் ஒரு வரியை விழுங்கிவிட்டால்? உத்தரவில் இருந்த பெயரே அவள் பெயர் இல்லை என்றால்? இந்தத் திருப்பத்தை இலவசமாகவே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

பிணத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வைத்தியர் வரலாம். எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற சுவடி 48 காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மூன்றில் ஒரு முடிவு சொல்கிறது: குணப்படுத்துவேன், போராடிப் பார்ப்பேன், செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நடையிலேயே அவரைப் பேசவையுங்கள். ஆனால் சீக்கிரம் வரவேண்டும். பதப்படுத்துபவர்கள் கைக்குப் போனால் கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் எல்லாம் வெளியே எடுக்கப்பட்டுவிடும். பிறகு 70 நாள் கழித்துத் துணி சுற்றி வருவது தடயம் துடைத்த பிணம்.

படி 7: பேயை விடுங்கள், ஆனால் கட்டிவையுங்கள்

எகிப்தியர்கள் செத்தவர்களுக்கும் கடிதம் எழுதினார்கள். படையல் கிண்ணத்திலேயே எழுதிக் கல்லறையில் வைப்பார்கள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கிண்ணம் இருக்கிறது. தெதி என்ற பெண் இறந்துபோன இன்டெஃபுக்கு எழுதுகிறாள்: நம் பணிப்பெண் இமியு படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், அவளுக்காக நீ அங்கிருந்து போராட மாட்டாயா? கிட்டத்தட்ட அதட்டல்தான்.

உங்கள் வீட்டிலும் முதல் மனைவியின் ஆவிதான் கொன்றது என்று எல்லோரும் நடுங்கட்டும். ஆவியைச் சமாதானப்படுத்த ஆளுக்கொரு கிண்ணம் எழுதிவைக்கட்டும். கொலைகாரரும் எழுதியாக வேண்டும், எழுதாவிட்டால் சந்தேகம் வரும். அவர் தன் கிண்ணத்தில், படிக்கட்டுப் பக்கம் நான் போகவே இல்லை என்று ஆவியிடம் சத்தியம் செய்கிறார். படிக்கட்டைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நம் ஊரில் சொல்வார்களே, இந்தக் கதையில் அது எழுத்துக்கு எழுத்து பொருந்திவிடுகிறது.

படி 8: தீர்ப்பு

அரசருக்கு அடுத்த அமைச்சர்தான் நீதிக்கும் தலைவர். எல்லாவற்றையும் அவர்வரை இழுக்காமல், எஜமானர் திரும்பிவரும் காட்சியோடு முடிப்பது நல்லது. தண்டனை எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால், மூன்றாம் ராம்சேஸ் என்ற அரசரின் வழக்கைப் படியுங்கள். அந்தப்புரத்தில் தியே என்ற அரசி தன் மகன் பெந்தவேரை அரியணையில் உட்காரவைக்கச் சதி செய்தாள். அந்த வழக்கின் பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. குற்றவாளிகள் சிலரின் பெயரையே திரித்து எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு 'ரா (சூரியக் கடவுள்) அவனை வெறுக்கிறார்' என்று பொருள்படும் பெயர். குற்றம் சாட்டப்பட்டவர்களோடு கூத்தடித்த நீதிபதிகளுக்கு மூக்கும் காதும் போயின. சதி பலித்ததா என்பது நெடுநாள் கேள்வியாகவே இருந்தது. 2012-இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு, அரசரின் தொண்டை எலும்புவரை அறுக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. பிணம் சாட்சி சொல்ல 3,000 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

படி 9: களை எடுங்கள்

வரைவு முடிந்ததும் பேனாவோடு உட்கார்ந்து அடியுங்கள். குதிரையும் தேரும் இந்தக் காலத்து வீட்டில் இல்லை. நாணயம் இல்லை, பருத்தி இல்லை, சர்க்கரை இல்லை. உடுத்தியது லினன் என்ற ஆளிநார்த் துணி, இனிப்புக்குத் தேனும் பேரீச்சையும். தக்காளியும் மிளகாயும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் முதல் வரைவில் சேவல் கூவித்தான் பொழுது விடிந்தது. படித்துப் பார்த்த நண்பர் சிரித்துவிட்டார். கோழி எகிப்திய வீடுகளில் சாதாரணமானது அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தித்தான். சேவலை எடுத்துவிட்டு முற்றத்தில் வாத்துகளை விட்டேன். ஆனால் வாத்து பொழுது விடிந்ததற்காகக் கத்தாது, நடுராத்திரியில் யாராவது படியேறினால் கத்தும். அந்தச் சத்தத்தை மூன்றாம் அதிகாரத்தில் வைத்திருக்கிறேன். தூக்கம் வராத கிழவி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டுப் புரண்டு படுக்கிறாள்.