மரக்கறியும் கடையும்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கொஞ்சக் காணியில் மரக்கறி போட்டுக்கொண்டு, ரோட்டோரத்தில் சின்னக் கடையும் நடத்துபவர்கள் நிறையப் பேர். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும் என்பதுதான் எண்ணம். ஆனால் பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. மழையையும் பூச்சியையும் திட்டுவதற்கு முன்னால் கல்லாப்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

கடைக் காசில் பசளை வாங்குவது, கரட் விற்ற காசில் கடைக்குச் சீனி மாவு போடுவது, இரண்டிலிருந்தும் பிள்ளையின் டியூஷனுக்கு எடுப்பது. மாசக் கடைசியில் எதில் லாபம், எதில் நட்டம் என்று யாருக்கும் தெரியாது. இதில் மோசமானது, சொந்தத் தோட்டத்து லீக்ஸைக் கடையில் விற்றுவிட்டு முழு விலையையும் கடை லாபமாக எண்ணுவது. கடை ஓஹோவென்று ஓடுவதுபோலத் தெரியும்; உண்மையில் தோட்டம்தான் அதற்குச் சோறு போடுகிறது. அன்றைய மொத்த விலைக்குத் தோட்டத்திடமிருந்து கடை வாங்கியதாக எழுதுங்கள். இரண்டு கொப்பி போதும். வீட்டு ஆட்களின் வேலைக்கும் கூலி எழுதுங்கள். மனைவி களை பிடுங்கினால் அது இலவசமா என்ன?

அடுத்தது, தம்புள்ளை மொத்தச் சந்தை விலையைக் கேட்டு மனக்கணக்குப் போடுவது. உதாரணத்துக்கு, கிலோ 200 ரூபாய் என்று 100 கிலோ அனுப்புகிறீர்கள். கழிவு என்று 10 கிலோ போனால் கைக்கு வருவது 18,000. தரகு நூற்றுக்குப் பத்து என்றால் 1,800 போய்விடும். லொறி வாடகை, சாக்கு, ஏற்றுகூலி 1,500 என்று வையுங்கள். மிச்சம் 14,700. அதாவது கிலோவுக்கு 147 ரூபாய். விதை, பசளைச் செலவை இந்த 147உடன்தான் ஒப்பிட வேண்டும், 200உடன் அல்ல.

இன்றைக்குக் கரட் விலை ஏறியிருக்கிறது என்று உடனே கரட் விதைப்பதும் அதே ரகம். அறுவடைக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும். பக்கத்துப் பாத்திக்காரரும் அதே விலையைப் பார்த்துத்தானே விதைத்திருப்பார்?

கோவாவில் (முட்டைக்கோஸில்) ஒரு விஷயம் கவனியுங்கள். நல்ல ஈரம் இருந்தும் மத்தியான வெயிலில் இலை சோர்ந்து, சாயங்காலம் நிமிர்ந்தால் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வீங்கிக் கட்டிகட்டியாக இருந்தால் அந்த நோய் மண்ணில் பல வருஷம் தங்கும். மண்வெட்டியிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்கும் போகும். மேலும் பசளை கொட்டுவது வீண். புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய மண்ணில்தான் இது அதிகம் பரவும் என்பதால் மண்ணைப் பரிசோதித்து, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். அந்த இடத்தில் நோக்கோல், முள்ளங்கி கூட வேண்டாம், அவையும் அதே குடும்பம்.

விதையும் பசளையும் கடனாகத் தரும் முதலாளிக்கே விளைச்சலையும் கொடுப்பதாக ஒத்துக்கொண்டால், விலை சொல்லும் உரிமை உங்களிடம் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் பாதி விளைச்சலையாவது வெளியே விற்கப் பேசி வையுங்கள்.

கடைசியாக, காணி. தேயிலைத் தோட்டக் காணியில் பயிர் செய்யும் நம் ஆட்கள் பலரிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. தோட்ட நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் ஒரு கடிதமாவது இல்லாமல், நகையை அடகு வைத்துப் பொலித்தீன் கூடாரம் கட்டாதீர்கள்.