மூன்று விநாடி அனிமே: பென்சிலில் தொடங்கி கணினியில் முடிப்பது எப்படி?

ஜப்பானியத் தொலைக்காட்சியில் வரும் அரைமணி நேர அனிமே எபிசோடில் ஏறக்குறைய 300 ‘கட்’கள் இருக்கும். கட் என்பது இடையில் வெட்டாமல் ஓடும் ஒரு ஷாட். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெரிய காகித உறை உண்டு. லேயவுட் (காட்சியில் எது எங்கே என்று காட்டும் அமைப்பு வரைபடம்), வரைந்த தாள்கள், டைம்ஷீட் எல்லாம் அதற்குள் இருக்கும். உறை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகப் போக கட் வளரும்.

அப்படி ஒரே ஒரு கட்டை இங்கே செய்து பார்ப்போம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் நம் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேசுகிறாள். மொத்தம் 3 விநாடி, அதாவது 72 ஃபிரேம். வரைய வேண்டியது 12 படம்தான்.

தேவையானவை

ஏ4 தாள், பி அல்லது 2பி பென்சில், சிவப்பு மற்றும் வெளிர்நீலக் கலர் பென்சில், லைட் பாக்ஸ் (அடியிலிருந்து ஒளி தரும் பலகை), ஸ்கேனர், ஓப்பன்டூன்ஸ் மென்பொருள். ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி தன் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்திவந்த ‘டூன்ஸ்’ என்ற அனிமேஷன் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு 2016இல் இலவசமாக வெளியிடப்பட்டது இது.

ஸ்டுடியோக்களில் தாளின் விளிம்பில் மூன்று துளைகள் இருக்கும். ‘டாப்’ எனப்படும் பெக் பட்டையில் அவற்றை மாட்டித்தான் வரைவார்கள். நமக்கு அலுவலகங்களில் இருக்கும் இரண்டு துளை பஞ்ச் போதும். துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 80 மி.மீ. இருக்கும். அதே இடைவெளியில் 6 மி.மீ. குச்சிகள் இரண்டை ஒரு ஸ்கேலில் ஒட்டிக்கொள்ளுங்கள். குச்சி துளைக்குள் லூசாக ஆடக் கூடாது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே திரையில் முகம் நடுங்கும்.

தாளில் 24.4 செ.மீ. அகலம், 13.7 செ.மீ. உயரத்தில் ஒரு சட்டம் போடுங்கள். 200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் இது 1920 × 1080 பிக்சல் வரும். சட்டத்துக்கு வெளியேயும் ஒரு சென்டிமீட்டர் வரை வரைந்துவிடுங்கள்; பிறகு சட்டத்தைச் சற்று நகர்த்த நேர்ந்தால் தோள் பாதியில் அறுந்து நிற்காது.

லேயவுட்

பார்ப்பவரின் கண் உயரத்தைக் காட்டும் கண்மட்டக் கோட்டை முதலில் போடுங்கள். பிறகு ஜன்னல், பிறகு பெண். பின்னணி ஓவியரும் அனிமேட்டரும் இந்த ஒரே தாளை வைத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஜன்னல் ஒரு கண்மட்டத்திலும் பெண் இன்னொன்றிலும் இருந்தால் அதை எந்த மென்பொருளாலும் பின்னால் சரிசெய்ய முடியாது.

டைம்ஷீட்

தாள் போய் டேப்லெட் வந்தது, பெயின்ட் போய் கணினியின் வண்ணப் பட்டியலான பாலெட் வந்தது. ஆனால் எந்த ஃபிரேமில் எந்தப் படம் என்று முடிவு செய்யும் டைம்ஷீட் மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக வருபவர்கள் வரைவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது இதில் காட்ட வேண்டும். அனிமேயின் அசைவுக்கு ஒரு தனித்தன்மை வருவதே இங்கேதான்.

விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 படம், மூன்று நிறுத்தினால் 8 படம். காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாவின் ஸ்டுடியோவான முஷி புரொடக்‌ஷன் 1963 ஜனவரி 1 முதல் ‘டெட்சுவான் ஆட்டம்’ (ஆஸ்ட்ரோ பாய்) தொடரை வாராவாரம் கொண்டுவர முடிந்ததற்கு, படங்களை இப்படிக் குறைத்ததும் ஒரு முக்கியக் காரணம். இன்றும் சாதாரண நடிப்புக்கு மூன்று, வேகமான அசைவுக்கு இரண்டு அல்லது ஒன்று என்று ஒரே கட்டுக்குள் கலந்து பயன்படுத்துவார்கள்.

ஷீட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வரி. ஒரு பக்கத்தில் 144 வரிகள், அதாவது 6 விநாடி. மேலே நீளத்தை ‘3+0’ என எழுதுங்கள்: மூன்று விநாடி, பூஜ்ஜியம் ஃபிரேம். பின்னணிக்கு மேல் வரும் முதல் அடுக்கு ஏ, அதற்கு மேல் பி. நம் ‘கட்’டில் உடலும் முகமும் ஏயில், வாய் மட்டும் பியில்.

ஏ அடுக்கு (முதலில் வருவது ஃபிரேம் எண்):
1 – 18: படம் 1, அசைவில்லை
19 – 28: படங்கள் 2, 3, 4, 5, 6, ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம்
29 – 31: படம் 7
32 – 34: படம் 8
35 – 72: படம் 9

பி அடுக்கு:
1 – 28: காலி, × குறி
29 – 36: படம் 1
37 – 60: 3, 2, 3, 1, 2, 3, 2, 1, ஒவ்வொன்றும் மூன்று ஃபிரேம்
61 – 72: படம் 1

வாய்க்கு மூன்றே வடிவம்: மூடியது (1), பாதி (2), திறந்தது (3). பெரும்பாலான அனிமேயில் படம் முடிந்த பிறகோ முடியும் நிலையிலோதான் குரல் பதிவு நடக்கும் என்பதால் எழுத்துக்கு எழுத்து உதடு பொருந்த வேண்டியதில்லை. ஏ அடுக்கில் 7, 8, 9ஆம் படங்களுக்கு வாய் வரையக் கூடாது. மறந்து வரைந்துவிட்டால் திரையில் இரண்டு வாய் தெரியும்.

கென்கா, அதாவது முக்கியப் படங்கள்

1, 4, 7, 9 ஆகியவை முக்கியப் படங்கள். இவற்றின் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவது வழக்கம். 1 பக்கவாட்டு முகம், 7 நம்மைப் பார்க்கும் முகம். கவனம் முழுக்க 4இல் இருக்கட்டும். தலை நேர்க்கோட்டில் திரும்பினால் முகம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் இருக்கும். அதனால் 4இல் முகவாயைச் சற்றே கீழே இறக்கி, இமைகளைப் பாதி மூடுங்கள். தலை ஒரு வளைவில் இறங்கி ஏறும். திரும்பும்போது மனிதர்கள் கண் சிமிட்டும் இயல்பும் அதிலேயே வந்துவிடும். 7இல் கூந்தல் தலையைத் தாண்டி வீசியிருக்கும், 9இல் அடங்கிவிடும்.

ஸ்டுடியோவில் அனிமேஷன் டைரக்டர் இந்தப் படங்களின்மேல் மெல்லிய வண்ணத்தாள் வைத்து முகத்தைத் திருத்துவார். 1, 7 இரண்டின்மீதும் புதுத் தாள் வைத்து நீங்களே அதைச் செய்யுங்கள். இடைப்படங்களை வரைந்து முடித்த பிறகு மூக்கு தப்பு என்று தெரிந்தால் ஒன்பது தாளையும் திருத்த வேண்டியிருக்கும்.

தோகா, அதாவது இடைப்படங்கள்

வரையும் வரிசை முக்கியம். 1க்கும் 4க்கும் சரிபாதியில் 3ஐ வரையுங்கள். பிறகு 1க்கும் 3க்கும் பாதியில் 2. மறுபக்கம் 4க்கும் 7க்கும் பாதியில் 5, 5க்கும் 7க்கும் பாதியில் 6. அசைவு மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, மெதுவாக நிற்கும். எல்லாவற்றையும் சம இடைவெளியில் போட்டால் பொம்மை திரும்புவதுபோல் இருக்கும்.

இரண்டு படங்களில் கண்கள் வெகுதூரம் தள்ளியிருந்தால் கண்மதிப்பில் பாதி எடுக்காதீர்கள். தாள்களைப் பெக்கிலிருந்து கழற்றி, ஒரு கண் இன்னொரு கண்மேல் சரியாக உட்காரும்வரை நகர்த்துங்கள். இப்போது இரண்டு தாளின் துளைகளும் விலகியிருக்கும். மூன்றாவது தாளை, அதன் துளைகள் அந்த இரண்டுக்கும் நட்டநடுவில் வருமாறு மேலே வைத்து டேப் ஒட்டி, கண்ணை வரையுங்கள். வடிவம் சிதையாமல் இடம் மட்டும் மாறும். வாய், காது, காலர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை வேண்டும்தான், ஆனால் நல்ல இடைப்படத்துக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

8ஆம் படத்தில் கூந்தல் மட்டுமே இடைநிலை. 8, 9 இரண்டிலும் முகத்தை 7இலிருந்து கோட்டின்மேல் கோடாக நகலெடுங்கள். ஒரு முடி அளவு விலகினாலும் நிற்கும் முகம் துடிக்கும்.

உருவக் கோடு கறுப்பு, நிழலின் எல்லை வெளிர்நீலம், பளபளப்பின் எல்லை சிவப்பு. எல்லாக் கோடுகளும் மூடியிருக்கட்டும்.

ஸ்கேனும் வண்ணமும்

ஒரு காலத்தில் கோடுகளை ‘செல்’ எனப்படும் ஒளி ஊடுருவும் தகட்டில் பதித்து, பின்பக்கம் பெயின்ட் அடித்தார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் கடைசிவரை செல்லை விடாமல் வைத்திருந்த ‘சசாயே-சான்’ 2013இல் முழுக்க டிஜிட்டலுக்கு மாறியது.

குச்சி ஒட்டிய ஸ்கேலை ஸ்கேனர் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டுங்கள். எல்லாத் தாளும் ஒரே இடத்தில் விழும். கலரில் ஸ்கேன் செய்து, ஓப்பன்டூன்ஸில் கோடுகளைச் சுத்தப்படுத்தும் ‘கிளீனப்’ வசதியில் கறுப்பு, சிவப்பு, நீலக் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். பிறகு ஃபில், அதாவது வண்ணம் நிரப்புவது. வண்ணம் வெளியே கசிந்தால் எங்கோ கோடு விட்டுப்போயிருக்கிறது. சிவப்பு, நீலக் கோடுகளுக்கு அருகிலுள்ள பகுதியின் வண்ணத்தையே கொடுத்தால் அவை மறைந்துவிடும்.

தோலுக்கு இயல்பு, நிழல், பளபளப்பு என்று மூன்று வண்ணம். நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், முகம் அழுக்காகத் தெரியும். ஊதா பக்கம் சற்று நகர்த்துங்கள். எல்லாப் படங்களும் ஒரே பாலெட்டில் இருந்தால், அங்கே ஒரு வண்ணத்தை மாற்றினாலே ஒன்பது படத்திலும் மாறும்.

பின்னணியை கிரிதாவிலோ போட்டோஷாப்பிலோ வரையலாம். கறுப்புக் கோடு வேண்டாம். கோடு உள்ளவள் பெண் மட்டும் என்றால்தான் அவள் முன்னால் வருவாள்.

சேர்ப்பு

ஓப்பன்டூன்ஸின் டைம்ஷீட்டான எக்ஸ்ஷீட்டும் மேலிருந்து கீழாகவே ஓடும். தாளில் எழுதிய எண்களை அப்படியே நிரப்புங்கள். ஸ்டுடியோக்களில் இந்தக் கட்டத்துக்கு இன்றும் ‘படப்பிடிப்பு’ என்றே பெயர். பெரும்பாலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் நடக்கிறது. ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ஒளிச்சாய்வு, கொஞ்சம் மிருதுவான பளிச்சு போதும். ஒளியை அள்ளிக் கொட்டினால் பாடுபட்டு வரைந்த கோடு கரைந்துவிடும்.

24 ஃபிரேம் வேகத்தில் முதலில் ஓடவிடுங்கள், பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு படத்தில் காது நிரப்பாமல் விட்டிருந்தால் சாதாரண வேகத்தில் ஒரு மினுக்கல் மட்டும் தெரியும், எங்கே என்று பிடிபடாது. நிற்கும் முகம் துடித்தால் 8ஆம் தாளைப் பாருங்கள். வாய் முகத்தைவிட்டு மிதந்தால் பி அடுக்கின் மூன்று தாள்களையும் 9ஆம் படத்தின்மேல் வைத்து மறுபடி வரையுங்கள். தவறான தாளை மட்டும் ஸ்கேன் செய்து அதே எண்ணில் மாற்றினால் போதும், ஷீட்டைத் தொட வேண்டாம்.

அடுத்த ‘கட்’டில் கார் போன்ற 3டி பொருளைச் சேர்ப்பதானால், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மோஷன் பிளரை (அசைவு மங்கலை) அணைத்துவிட்டு, அதன் அசைவையும் இரண்டு அல்லது மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் மாறும்படி வையுங்கள்.