போர்வைக்குள் படிக்கப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

அட்டையில் பனி கொட்டுகிறதே என்று ஒரு புத்தகத்தைப் பிள்ளைகளின் குளிர்கால வாசிப்புக்கு எடுத்துவிடாதீர்கள். கதை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். குளிருக்குள் போன பிள்ளை கடைசிப் பக்கத்துக்குள் வீடு திரும்பிவிட்டால் அது கதகதப்பான கதை. அதனால் முதலில் கடைசி நான்கு பக்கங்களைப் புரட்டுங்கள்.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ (1962) இதற்கு நல்ல அளவுகோல். சிறுவன் பீட்டர் நாளெல்லாம் பனியில் ஆடிவிட்டு, ஒரு பனியுருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அம்மா ஈரக் காலுறையைக் கழற்றிவிடுகிறாள், பிறகு குளியல். பையில் இருந்த உருண்டை காணாமல் போகிறது, பையனுக்கு வருத்தம். ஆனால் மறுநாளும் வெளியே பனி. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாங்கக்கூடிய வருத்தம் அவ்வளவுதான்.

ரேமண்ட் பிரிக்ஸின் ‘தி ஸ்னோமேன்’ (1978) அப்படியல்ல. முடிவில் பனிமனிதன் உருகிப்போகிறான். அழகான புத்தகம்தான், ஆனால் தூங்கப்போகும் நேரத்துக்கு ஆகாது, பகலில் கொடுங்கள். அதில் எல்லாம் படங்கள்தான், ஒரு சொல்கூடக் கிடையாது என்பதால் பெரியவர்கள் வளவளவென்று கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை விரல் வைக்கட்டும், அதுவே சொல்லட்டும். அவசரப்பட்டுப் பக்கம் திருப்பினால் அடுத்த படம் புரியாது.

கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு, எட்டு வயதுக்கு மேல், டூவே யான்சனின் ‘மூமின்லேண்ட் மிட்விண்டர்’ (1957). குடும்பமே தூங்கும் பனிக்காலத்தில் மூமின்ட்ரோல் என்ற கற்பனை உயிரினம், அந்த வீட்டுப் பிள்ளை, நடுவில் விழித்துக்கொள்கிறான். ஓர் அணில் குளிரில் விறைத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. முன்கூட்டியே நீங்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குரலே தடுமாறும்.

பிள்ளை தானே படிக்கப்போகிறது என்றால் ஐந்து விரல் சோதனை போதும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்கட்டும். இரண்டு மூன்று மடங்கினால் சரியான புத்தகம். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு அலமாரிக்கே. நீங்கள் வாசித்துக் காட்டுவதாக இருந்தால் இந்தக் கணக்கு வேண்டாம்; இரண்டு வயது கூடுதலான புத்தகத்தையும் காது வாங்கிக்கொள்ளும்.

அத்தியாயக் கதைகளை வாங்கும் முன் ஓர் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் நல்லது. அதற்கு மேல் போனால் பாதியில் நிறுத்த நேரும், அதுவும் பெரும்பாலும் பரபரப்பான இடத்தில். பிறகு யார் தூங்குவார்கள்?

விளக்கு பிள்ளையின் தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே வைத்தால் வழவழப்பான தாளில் ஒளி பட்டுப் படம் மறையும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு கண்ணுக்கு இதம். படுத்தபடி வேண்டாம், தலையணையில் சாய்ந்து உட்காரட்டும்: படுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே கண் சொருகும், தூங்குவதுதான் நோக்கம் என்றால் பாதகமில்லை. ஹீட்டரை ஒட்டிப் புத்தகத்தை வைக்காதீர்கள், அட்டை வளைந்துவிடும்.

சூடான பாலைக் குடித்து முடித்த பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். அப்படியும் சிந்திவிட்டால் உடனே கவனியுங்கள். படப் புத்தகங்களின் பூச்சுத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரிக்க முடியாது. பிரித்தால் படம் உரிந்து வரும். ஈரம் காயுமுன் ஒவ்வொரு தாளையும் பிரித்து, இடையில் சமையலறைத் துடைதாள் ஒன்றை வைத்து, மின்விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். துடைதாள் நனைந்ததும் மாற்றுங்கள். ஹேர் டிரையர் மட்டும் கூடாது, தாள் சுருங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு கனமான இரண்டு புத்தகங்களை மேலே ஏற்றி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.