பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றுவது: நான் தவறவிட்ட 100 எம்பி

அக்காவின் லேப்டாப்பில் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைக்கலாம். பால் பொங்கி, காபி கலந்து, டம்ளரோடு வந்து உட்காரும்போதும் திரையில் புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டுதான் இருக்கும். 2016-இல் வாங்கிய இயந்திரம் அது. வீட்டிலிருந்தபடியே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். மாதத்தின் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கினால், வீட்டில் யாரும் அவள் பக்கம் போகமாட்டோம்.

பழுதுபார்க்கும் கடையில் காட்டினாள். "போர்டு தளர்ந்துவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார்கள். போர்டு நன்றாகத்தான் இருந்தது, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் நோயாளி. அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டேன். இப்போது பொத்தானை அழுத்தியதிலிருந்து வேலை தொடங்கும்வரை அரை நிமிடம்கூட ஆவதில்லை. ஆனால் அதற்கு நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையையும் இரண்டு மாலைகளையும் தொலைத்தேன். உங்களுக்கு ஒரு மாலை போதும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். கணினியின் மூளையான சிபியு 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில் ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி எடுக்க ஒரு ஊசி முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஒரு தேடலுக்குப் பத்து மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு எதுவுமே இல்லை.

சிபியுவும் 100-இல் நின்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. ராம் 4 ஜிபிதான் என்றால், அதையும் 8 ஆக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் லேப்டாப்பைத் திறக்கும்போதே இரண்டையும் முடித்துவிடலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஒருமுறை ஓட்டுங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால், தட்டில் படிக்க முடியாத இடங்கள் உருவாகத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது வேறு எதையும் செய்வதற்கு முன் புகைப்படங்களையும் கணக்குக் கோப்புகளையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நீலமோ பச்சையோ காட்டினாலும் எடுத்து வையுங்கள், ஆனால் பதறாமல் எடுத்து வைக்கலாம்.

எதை வாங்குவது

2016 வாக்கில் வந்த, ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும் (சாட்டா என்பது அந்த ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் அதே இணைப்பு வகை). சிலவற்றில் எம்.2 என்ற நீளமான பொருத்துவாயும் இருக்கும். இங்கேதான் கடைக்காரர்களே குழம்புகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற இணைப்பு வகையும் உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் வாயில் என்விஎம்இயைச் செருகினால் சில சமயம் அழகாக உட்காரும், ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் எம்.2 வாங்காதீர்கள்.

வேகக் கணக்கில் மயங்கவும் வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், என்விஎம்இ அதைப்போலப் பல மடங்கு ஓடும். கணக்கு எழுதவும் இணையம் பார்க்கவும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சுழலும் தட்டிலிருந்து எதற்கு மாறினாலும் அந்த மாற்றம்தான் தெரியும்.

240 ஜிபி வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் நிரம்பிவிடும். 480 அல்லது 500 எடுங்கள். சிப் வகையில், கூடுதலாக உழைக்கும் டிஎல்சி கிடைத்தால் மலிவான கியூஎல்சியை விட்டுவிடுங்கள். இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் "16 டிபி" வெளிப்புற எஸ்எஸ்டிகள் முழு மோசடி. பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். நான் வாங்குவது எப்போதும் சாம்சங், கிங்ஸ்டன், குரூஷியல், டபிள்யூடி இந்த நான்கில் ஒன்று. காரணம் வேகம் அல்ல, இவற்றோடு நகலெடுக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

கூடவே சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்று வாங்குங்கள். அதை உள்ளே நீல நிறம் உள்ள யுஎஸ்பி வாயில் செருகுங்கள். பழைய யுஎஸ்பி 2.0 வாயில் வினாடிக்கு 30 எம்பி சொச்சம்தான் போகும். 140 ஜிபியை நகர்த்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

நகலெடுப்பது

விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் சுத்தம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அக்காவின் பிரின்டர், டிஜிட்டல் கையொப்பச் சாவி, கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் திரும்ப நிறுவித் தரட்டும். நான் பழைய டிஸ்கை அப்படியே புதியதற்கு நகலெடுக்கும் கட்சி.

பலர் பரிந்துரைக்கும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற நகலெடுக்கும் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுவிட்டது. குளோன்ஸில்லா அருமையான கருவி. ஆனால் பெரிய டிஸ்கிலிருந்து சிறியதற்குப் போகும்போது புதியவர்களைப் படுத்தியெடுக்கும். எஸ்எஸ்டி நிறுவனம் தரும் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்சங்குக்கு அவர்களுடையதே இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் அக்ரோனிஸ் கிடைக்கிறது.

புதிய எஸ்எஸ்டியைக் கேபிளில் செருகியதும் மை கம்ப்யூட்டரில் எதுவும் தெரியாது. பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள். அதில் இன்னும் எழுத இடம் பிரிக்கப்படவில்லை, அவ்வளவுதான். தொடக்கப் பொத்தான்மேல் வலது சொடுக்கு செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் அங்கே இருக்கும்.

அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 480 ஜிபி எஸ்எஸ்டி 447 ஜிபி என்றும் தெரியும். உற்பத்தியாளர் 1,000-ஆல் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருள் "எதிலிருந்து", "எதற்கு" என்று கேட்கும்போது இவைதான் வழிகாட்டி. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் கணக்குகளின்மேல் நகலாகும். அதன்பின் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது என் ஞாயிற்றுக்கிழமை கதை. மென்பொருள் பழைய டிஸ்கைப் படம்போல் வரைந்து காட்டியது. இடது ஓரத்தில் நூல் போல ஒரு 100 எம்பி, அடுத்து பெரிய சி டிரைவ், வலது ஓரத்தில் 500 எம்பி சொச்சம். ஓரத்தில் இருந்த இரண்டுக்கும் சி, டி என்று எழுத்து எதுவும் இல்லை. நிறுவனக்காரன் திணித்த குப்பை என்று நினைத்து, இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு சி-யை மட்டும் நகலெடுத்தேன். 600 எம்பியை மிச்சம் பிடித்த பெருமை வேறு.

எஸ்எஸ்டியை உள்ளே பொருத்தி, எல்லா ஸ்க்ரூவும் முடுக்கி, பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில், தொடங்குவதற்கான சாதனம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. கழற்றி மாட்டினேன், அதே வரி. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிப் பழுதுநீக்கும் வசதியை ஓட்டினேன். அதுவும் கையை விரித்தது. எஸ்எஸ்டியே பழுதோ என்று ராத்திரி பதினொரு மணிக்கு விலைச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குற்றவாளி அந்த 100 எம்பி. இஎஃப்ஐ பகுதி என்று அதற்குப் பெயர். லேப்டாப் விழித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். விண்டோஸ் எங்கே இருக்கிறது, எப்படி எழுப்ப வேண்டும் என்பது அதற்குள் இருக்கும் கோப்புகளுக்குத்தான் தெரியும். சி டிரைவ் முழுதாக வந்து உட்கார்ந்திருந்தாலும், எழுப்ப ஆளில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. இதைவிடப் பழைய லேப்டாப்களில் "சிஸ்டம் ரிசர்வ்ட்" என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் பகுதி இருக்கும், அதையும் விடக்கூடாது.

ஆகவே, எந்த டிக்கையும் தொடாதீர்கள். முழு டிஸ்கையும் நகலெடு என்ற வசதியைத் தேர்ந்தெடுங்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். மின்தடை வருகிற நேரம் நமக்குத் தெரியாது.

கழற்றி மாட்டுவது

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், எனக்கு இதுதான் சுலபமாக இருந்தது. உங்கள் மாடலைத் திறக்கும் வீடியோ ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள். சிறிய நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், காந்த முனை உள்ளதாக, ஒன்று போதும். கடைவீதியில் நூறு முனைகளோடு விற்கும் பெட்டி வேண்டாம். அந்த முனைகள் மூன்றாவது ஸ்க்ரூவிலேயே மழுங்கி, ஸ்க்ரூவின் தலையையும் கெடுத்துவிடும்.

ஸ்க்ரூக்கள் ஒரே மாதிரி தோன்றும், ஆனால் நீளம் வேறுவேறு. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். நான் அம்மாவின் பணியாரச் சட்டியை எடுத்துக்கொண்டேன். முன்வரிசைக்கு ஒரு குழி, நடுவரிசைக்கு ஒன்று, டிஸ்க் தாங்கிக்கு ஒன்று. இட்லித் தட்டு வேண்டாம், அதில் ஓட்டை இருக்கிறது. முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையா? ரப்பர் கால்களுக்கு அடியில் பாருங்கள். டிவிடி டிரைவ் இருந்தால், அதை உருவி எடுத்தபின் தெரியும் விளிம்பிலும் ஒளிந்திருக்கும். பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு மெல்ல நகர்த்தினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். சில மாடல்களில் மேல்பகுதி கீபோர்டோடு சேர்ந்து வரும். அதன் நாடா கேபிள் கீழே பிடித்திருக்கும், வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். அது செருகியிருக்கும் இடத்தில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும். நகத்தால் அதை நிமிர்த்தினால் நாடா தானாக வரும்.

திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். பிறகு ஹார்ட் டிஸ்கை அதன் தாங்கியோடு வெளியே எடுத்து, பக்கவாட்டு ஸ்க்ரூக்கள் நான்கையும் கழற்றி, அதே இடத்தில் எஸ்எஸ்டியை வைத்து முடுக்குங்கள். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 7 மில்லிமீட்டர் எஸ்எஸ்டி சற்றுத் தாழ்வாக உட்காரும். தாங்கியில் முடுக்கியிருந்தால் ஆடாது.

முதல் முறை தொடங்கும்போது பழைய டிஸ்கைக் கேபிளில் செருகி வைக்காதீர்கள். ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும். தொடங்கியபின் சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்மென்ட் மென்பொருள் ஏதாவது தனியாக நிறுவி வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள், எஸ்எஸ்டிக்கு அது வேண்டாத உழைப்பு. பழைய டிஸ்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்தவர்கள் மூன்று சிக்கல்களை எழுதியிருக்கிறார்கள்.

ஒருவருக்கு நகல் 60 சதவீதத்தில் நின்றது. விசாரித்தால், லேப்டாப் தூங்கப் போயிருக்கிறது. பவர் அமைப்பில் தூக்கத்தை "ஒருபோதும் வேண்டாம்" என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொருவரின் மென்பொருள், 447 ஜிபிக்குள் 931 ஜிபி நுழையாது என்று முரண்டு பிடித்தது, உள்ளே இருந்தது 150 ஜிபிதான் என்றாலும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யைச் சுருக்கப் போனால், அதுவும் பாதிக்குக் கீழே இறங்க மறுத்தது. நகர்த்த முடியாத கோப்பு ஒன்று தட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள், எந்தக் கோப்பு வழிமறிக்கிறது என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் பேஜிங் கோப்பு (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது) அல்லது ரீஸ்டோர் பாயின்ட்கள் (பழைய நிலைக்குத் திரும்பச் சேமித்து வைப்பவை). சிஸ்டம் அமைப்புகளில் இரண்டையும் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து, பிறகு சுருக்குங்கள். அவருக்கு அதில் வேலை முடிந்தது. எஸ்எஸ்டிக்கு மாறியபின் இரண்டையும் மறக்காமல் திரும்ப இயக்கச் சொன்னேன்.

மூன்றாவது கேள்வி விண்டோஸ் 10 பற்றி. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அக்காவை அதில் சேர்த்துவிட்டேன். விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிபியுக்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. குறுக்குவழியில் ஏற்றலாம், ஆனால் அடுத்தவர் பிழைப்பு ஓடும் இயந்திரத்தில் நான் அதைச் செய்யமாட்டேன். வீட்டில் பாட்டு, படம், இணையம் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுங்கள். எஸ்எஸ்டி மாற்றிய பழைய லேப்டாப்பில் அது பறக்கிறது.

கடைசியாக ஒன்று. விண்டோஸின் உரிமம் போர்டோடு பிணைந்தது, டிஸ்க் மாறினால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய சில மென்பொருள்கள் டிஸ்க் மாறியதும் புதுக் கணினி என்று நினைத்துக்கொள்ளும். அக்காவின் கணக்கு மென்பொருள் அப்படித்தான் மறுநாள் காலை உரிமம் கேட்டது. அன்றைக்குத் தேதி 19.